நூல் முடிச்சை வெட்டியவன்

போன வாரம் நம் சலவைக் கடைக்காரர்கள் கூட்டத்தில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது வேண்டாத பேச்சுக்காக நானே வைத்துக்கொண்ட மந்தம். இளைஞர் பயிற்சி நிலையத்திலிருந்து வந்தவர், கடைக்கு இரண்டு பேரை மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டபோது நீங்கள் முணுமுணுத்தது ஒன்று விடாமல் கேட்டது.

"துணியப் பூரா நாசம் பண்ணிடுவானுங்க."

"கத்துக்கிட்டு எதிர்க்கவே கடையப் போடுவான்."

"நமக்கு என்னா லாபம்?"

முதல் இரண்டும் உண்மைதான். நாசம் பண்ணுவார்கள், எதிர்க் கடையும் போடுவார்கள். மூன்றாவதற்கு மட்டும் எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன். சோப்பு எவ்வளவு, கஞ்சி எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் மெஷினோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. நான் சொல்லப்போவது அதில் இல்லை.

ஜப்பான்காரர்கள் நம் ஊரைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் காஜா பேராங் சாலையோரம் ஒரு டோபிக் கடையில் நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். முதலாளி சண்டைக்கு முன்னால் ஊருக்குப் போனவர், கப்பல் நின்றுபோய் அங்கேயே மாட்டிக்கொண்டார். கடையை அவர் மனைவி நடத்தினார். அம்மா என்றுதான் கூப்பிடுவோம். நாற்பது வயது இருக்கும். குரலைக் கேட்க வேண்டுமே! அம்மா பின்கட்டில் தும்மினால் ஊரின் அந்தக் கோடியில் தெங்கேராவில் இருப்பவர்கள் 'நூறு வயசு' என்பார்கள். வெளுக்க வயதான மாரி அண்ணன், தேய்க்க நான், மற்ற எல்லாவற்றுக்கும் அம்மா. அவ்வளவுதான் கடை.

ஜப்பான்காரர்களின் அலுவலகத்தில் வேலை பார்த்த அதிகாரிகள் கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய பங்களாவில் தங்கியிருந்தார்கள். அவர்களுடைய வெள்ளைச் சட்டைகள் எங்களிடம் வந்தன. அந்தச் சட்டைகளால்தான் நாங்கள் உயிரோடு இருந்தோம். நான் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. அதிகாரிகளின் துணியை வெளுப்பவர்கள் என்று எனக்கும் மாரி அண்ணனுக்கும் ஆளுக்கொரு அட்டை கொடுத்திருந்தார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிற லாரி வந்தால் அந்த அட்டையைத்தான் காட்டுவோம். செங் என்கிற ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து என் மச்சானை அப்படித்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. என் மனைவிக்கு அப்போது முதல் பிள்ளை வயிற்றில். லாரிச் சத்தம் கேட்டாலே அவள் கை வேலையை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வருவாள். எனக்கும் பயம்தான். அந்த அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் தூங்குவேன்.

அந்தச் சமயத்தில்தான் உத்தரவு வந்தது. டவுனில் ஜப்பான்காரர்கள் இளைஞர்களுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி வைத்திருந்தார்கள். காலையில் ஜப்பான் பாட்டு, ஓட்டம், கன்னத்தில் அறை. அதற்குப் பிறகு ஏதாவது ஒரு கடையில் தொழில் கற்க வேண்டும். எங்கள் கடைக்கு இரண்டு பேர் என்றார்கள்.

அம்மா குதித்தார். "இருக்கிற மூணு வாய்க்கே மரவள்ளிக்கிழங்கு பத்தல. இன்னும் ரெண்டு வாய்க்கு நான் எங்க போவேன்? கத்துக் குடுக்க நான் என்னா பள்ளிக்கூடமா நடத்துறேன்?"

ஆனால் உத்தரவுக்கு எதிர்ப்பேச்சு உண்டா? இரண்டு பேரும் காக்கித் தொப்பி போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். ஒருவன் முத்தையா, செங் பக்கத்துத் தோட்டப் பையன், பதினெட்டு வயது. இன்னொருவன் தேவன், அதே வயது. கடைக்குப் பின்னால் இருக்கிற செட்டிக் கம்பம் என்கிற கிராமத்துப் பையன். நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருக்கும், வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். என்னை 'அபாங்' என்பான், அண்ணன் என்று அர்த்தம். அவன் பேசியதையெல்லாம் உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

முதல் லாபம் முதல் வாரத்திலேயே கிடைத்தது. பங்களா வாசலில் ஒரு சிப்பாய் நிற்பான். அவனுக்கு முன்னால் சரியாகக் குனிய வேண்டும். குறைவாகக் குனிந்தாலும் அறை, சீக்கிரம் நிமிர்ந்தாலும் அறை. துணி கொண்டுபோய்க் கொடுக்கிற நாளில் எனக்கும் மாரி அண்ணனுக்கும் சண்டையே நடக்கும். அவருக்கு வயிற்று வலி வரும், எனக்குக் கால் சுளுக்கும். இந்தப் பையன்களோ குனிவதற்கென்றே பள்ளியில் அடி வாங்கிப் பழகியவர்கள். ஜப்பான் மொழியில் நாலு வார்த்தை வணக்கமும் சொல்வார்கள். அன்றிலிருந்து துணி கொண்டுபோகும் வேலை அவர்களுடையது. சிப்பாய் அவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டி உள்ளே விட்டான்.

"பரவால்லயே, சோத்துக்கு வேல செய்யுதுங்க," என்றார் அம்மா. அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அதிகாரிகளின் சட்டைகள் எல்லாம் ஒரே துணி, ஒரே தையல்காரர் தைத்தவை. மற்றவர்கள் துணியில் மையால் குறி போடுவோம். இவர்கள் சட்டையில் மை படக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. அதனால் மாரி அண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். காலருக்கு உள்பக்கம் ஒரு நூல் முடிச்சு. இன்னாருக்குச் சிவப்பில் ஒரு முடிச்சு, இன்னாருக்கு நீலத்தில் இரண்டு. எந்த முடிச்சு யாருடையது என்பது அவர் தலைக்குள் இருந்தது. அதை யாருக்கும் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. எங்களைப் போல வெளுக்கிறவன் வீட்டில் பிறந்தவனுக்கு அதைச் சொல்லியா கொடுப்பார்கள்?

ஒரு நாள் சிங்கப்பூரிலிருந்து யாரோ பெரிய அதிகாரி வருகிறார் என்று பங்களாவில் ஒரே பரபரப்பு. எல்லாருடைய சட்டைகளும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. அன்று சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெளுத்து, உலர்த்தி, தேய்த்து முடித்து மதியம் சாப்பிடப் போனோம். முத்தையாவை அம்மா கரி வாங்க அனுப்பியிருந்தார். தேவன் மட்டும் கடையில் இருந்தான்.

திரும்பி வந்தபோது சட்டைகள் ஒரே அடுக்காக இருந்தன. பக்கத்தில் ஒரு சின்னக் கத்தரிக்கோல். தரையில் சிவப்பும் நீலமும் பச்சையுமாக நூல் துணுக்குகள். தேவன் சிரித்த முகத்தோடு நின்றான்.

மாரி அண்ணன் மேலே இருந்த சட்டையின் காலரைத் திருப்பினார். அடுத்ததைத் திருப்பினார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாத்தையும் வெட்டிட்டான்."

ஒருவன் சட்டை இன்னொருவனுக்குப் போய், பெரிய அதிகாரி முன்னால் அவன் கழுத்து இறுக, கை தொங்க நின்றால், நாளையே துணி வேறு கடைக்குப் போய்விடும். துணி போனால் அட்டை போய்விடும். அட்டை போனால் நான் லாரியில்.

அம்மா துணி அடிக்கிற கட்டையை எடுத்துவிட்டார். "அடப்பாவி! என் தலையில கல்லத் தூக்கிப் போட்டியே! எதுக்குடா வெட்டுன?"

தேவன் கட்டைக்கு எட்டாமல் பின்னால் நகர்ந்தான். "உதவி செய்யலாம்னுதான் வெட்டினேன். பள்ளியில உடுப்புல ஒரு நூல் தொங்கினாலும் அறை விழும். இவ்வளவு சட்டையிலயும் நூல் தொங்குதே, பெரிய அதிகாரி பார்த்தா உங்களை அடிப்பாங்களேன்னு பயந்துட்டேன்."

நான் கத்தினேன். "அம்மா, இவன இப்பவே பள்ளிக்கூடத்துக்குத் திருப்பி அனுப்புங்க. இவன் செஞ்சான்னு அவங்ககிட்டயே சொல்லிடுங்க."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கட்டையை மெல்லக் கீழே வைத்தார்.

"அனுப்புனா இவன உயிரோட விடுவானுங்களா? இது முடிச்சு, இதத் தொடாதடான்னு நம்ம மூணு பேர்ல யாராச்சும் இவன்கிட்ட சொன்னோமா? சொல்லல. அப்புறம் இவன மட்டும் அடிச்சு என்னா ஆகப்போவுது? சாயங்காலத்துக்குள்ள என்னா செய்யறதுன்னு சொல்லுங்க."

தம்பிகளா, இதை நான் ஆயிரம் தடவை யோசித்திருக்கிறேன். உயிர் போகிற பயத்தில் இருக்கும்போது குற்றவாளியைத் தேடத்தான் மனசு ஓடும். அம்மாவுக்கு மட்டும் அது எப்படி வேலையைத் தேடி ஓடியதோ தெரியவில்லை. கடை நடத்துகிறவருக்கு அந்த ஒன்று இருந்தால் மற்றதெல்லாம் தானே வரும்.

மாரி அண்ணன் ஒரு சட்டையைத் தூக்கிப் பார்த்தார். "இது வலது கை முட்டி தேஞ்சு கெடக்கு. எந்நேரமும் முட்டிய ஊனிக்கிட்டு உட்கார்ற ஆளு."

"அது யாருன்னு சொல்லுங்க," என்றார் அம்மா.

அவர்கள் துணியை மாதக்கணக்காகக் கையில் புரட்டியவர்கள் நாங்கள். ஆனால் பெயரும் முடிச்சும்தான் தெரியும், அவர்களில் ஒருவன் முகம்கூட எங்களுக்குத் தெரியாது. பங்களாவுக்குப் போன நாட்களிலெல்லாம் குனிந்தே போய்க் குனிந்தே வந்திருக்கிறோம். பார்த்ததெல்லாம் அவர்களுடைய செருப்பைத்தான்.

"அது ஜன்னலோரம் உட்கார்றவர்," என்றான் தேவன். "நான் எப்பப் போனாலும் கன்னத்துல கை வச்சுத் தூங்கிக்கிட்டிருப்பார்."

முத்தையா கரி மூட்டையோடு உள்ளே வந்தவன், நடந்ததைக் கேட்டுவிட்டு, "ஆமாண்ணே, நாங்க அவருக்குக் கோழின்னு பேரு வச்சிருக்கோம்," என்றான்.

"டேய், வாயப் பொத்து! எவன் காதுலயாச்சும் விழுந்தா நம்ம எல்லாரு தலையும் போயிடும்," என்று மாரி அண்ணன் பதறிப்போய் வாசல் கதவைச் சாத்தினார்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். மாரி அண்ணனும் நானும் சட்டையைப் பார்த்துச் சொல்வோம். பையன்கள் ஆளைச் சொல்வார்கள். "கழுத்துக்குப் பின்னால எண்ணெய்க் கறை போகவே போகாது" என்றால், "தலைக்கு வழிய வழிய எண்ணெய் வைக்கிறவர்" என்பான் முத்தையா. "நடு பட்டன் ஓட்டை இழுத்துக் கெடக்கு" என்றால் தேவன் வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு நாலு அடி நடந்து காட்டுவான். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். "இடது கை ஓரத்துல மைக் கறை" என்றேன். "இடது கையால எழுதறவர் ஒருத்தர்தான் இருக்கார்" என்றான் தேவன். சட்டை எங்களுக்குத் தெரியும், ஆள் அவர்களுக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தபோது அடுக்கு மளமளவென்று பிரிந்தது.

கடைசியில் இரண்டு பேருடைய சட்டைகள் மட்டும் நின்றன. இருவரும் ஒல்லி, ஒரே உயரம், இருவரும் புதிதாக வந்தவர்கள். சட்டையும் புதுசு. புதுத் துணி என்ன பேசும்?

"கண்ண மூடிக்கிட்டுப் பிரிச்சுடுவோம்மா," என்றேன். "ரெண்டும் ஒரே அளவு. யாருக்குத் தெரியப்போவுது?"

அம்மா தேவனைக் கேட்டார். "நீதான் தெனமும் அவனுங்களோட மாரடிக்கிறவன். நீ என்னாடா சொல்ற?"

"பள்ளியில தப்பு செஞ்சவன் தானே முன்னாடி போய்ச் சொன்னா ஒரு அறை. அவங்களா கண்டுபிடிச்சா எண்ணவே முடியாது. நான் போய்ச் சொல்றேன், அம்மா. வெட்டினது நான்தானே."

"கடை என்னுது. அறை விழுந்தா எனக்கு விழட்டும். நீ கூட வந்து அவன் பாஷையில சொல்லு, போதும்."

தலையைக் கோதி முடிந்துகொண்டு அம்மா கிளம்பினார். இரண்டு பையன்களும் மூட்டைகளோடு பின்னால் போனார்கள். மாரி அண்ணனும் நானும் கடையில் உட்கார்ந்திருந்தோம். என் மனைவிக்கு என்ன சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் திரும்பி வரும் சத்தம் தூரத்திலேயே கேட்டது. அம்மாவின் குரல்தான். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. பங்களாவின் மூத்த அதிகாரியிடம் தேவன் எல்லாவற்றையும் தெரிந்த அளவு ஜப்பான் மொழியில் சொல்லியிருக்கிறான். அவர் தேவனுக்கு ஓர் அறை விட்டார். பிறகு அந்த இரண்டு ஒல்லி ஆட்களையும் கூப்பிட்டார். அவர்கள் சட்டையை மோந்து பார்த்தார்கள், போட்டுப் பார்த்தார்கள், தங்களுக்கே தெரியவில்லை என்று சிரித்துவிட்டு ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு ஒரு சட்டைகூட மாறவில்லை. பெரியவர் தேவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பயிற்சி முடிந்ததும் என் அலுவலகத்துக்கு வா, வேலை தருகிறேன், மாதா மாதம் அரிசி உண்டு என்றாராம்.

அந்தக் காலத்தில் அரிசியோடு வேலை என்றால் சும்மாவா? செட்டிக் கம்பத்தில் அவன் அம்மா கோயிலில் தேங்காய் உடைத்தார்.

மறுநாளிலிருந்து எங்கள் கடையில் ஒரு புது வழக்கம். கை பழக்கத்தில் செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று அம்மா கட்டளை போட்டார். ஏன் இந்தத் தண்ணீர், ஏன் இந்தச் சூடு, ஏன் இந்த முடிச்சு என்று பையன்களுக்குச் சொல்லச் சொல்லத்தான் நாங்கள் செய்துகொண்டிருந்ததில் பாதி வீண் வேலை என்று எங்களுக்கே விளங்கியது. துணி சீக்கிரம் முடிந்தது, கரியும் குறைந்தது. புதிதாக இன்னொரு பங்களாத் துணியும் வந்தது.

மூன்று மாதம் முடிந்தது. முத்தையா செங்குக்குத் திரும்பினான். தேவனுக்கு அடுத்த திங்கட்கிழமை அலுவலகத்தில் வேலை. அதுவரை சும்மா இருப்பானேன் என்று கடைக்கு வந்து உதவி செய்துகொண்டிருந்தான். பழக்கத்தில் அந்தக் காக்கித் தொப்பியையும் மாட்டிக்கொண்டு வருவான்.

அப்போது லாரி வந்தது. எங்கள் வாசலிலேயே நின்றது. நான் அட்டையை நீட்டினேன். கூட வந்த ஆள் பிடிக்கிறவர் நம் ஆள்தான். அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"புது உத்தரவு வந்திருக்குப்பா. டோபிக் கடைக்கு இனிமே ஒரு ஆளு போதுமாம். கெழவர் இருக்கட்டும். நீ ஏறு."

அம்மா கத்தினார், கெஞ்சினார். சிப்பாய் காதில் வாங்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்தான். லாரியில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு காலைத் தூக்கி ஏணியில் வைத்துவிட்டேன். என் மனைவிக்கு யார் சொல்வார்கள் என்பது மட்டும்தான் என் மனசில் ஓடியது.

தேவன் ஓடி வந்து சிப்பாய்க்கு முன்னால் விறைப்பாக நின்றான். இடுப்பு வரை குனிந்தான். பிறகு உரக்க ஜப்பான் மொழியில் ஏதோ சொன்னான். 'சென்செய்' என்ற ஒரு வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது. வாத்தியார் என்று அர்த்தம். சிப்பாய் அவன் தொப்பியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஏதோ கேட்டான். தேவன் மூன்று விரலைக் காட்டினான்.

சிப்பாய் என் கையை விட்டுவிட்டான். லாரி கிளம்பியது. ஏறியிருந்தவர்கள் என்னையே பார்த்துக்கொண்டு போனார்கள். அந்தக் கண்களை நான் இன்னும் மறக்கவில்லை.

வாசற்படியில் உட்கார்ந்தேன். "என்னாடா சொன்ன அவன்கிட்ட?"

"பயிற்சிப் பள்ளிப் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தர்ற ஆளைப் பாடம் முடியறவரைக்கும் எடுக்கக்கூடாதுன்னு ஒரு சட்டம் இருக்கு, அபாங். நீங்கதான் என் வாத்தியார்னு சொன்னேன். இன்னும் எவ்வளவு நாள் பாக்கின்னு கேட்டான். மூணு மாசம்னு சொல்லிட்டேன்."

அம்மாதான் முதலில் புரிந்துகொண்டார். "டேய், திங்கக்கெழம உனக்கு வேலடா! நீ அங்க போயிட்டா நீ சொன்னது பொய்யின்னு ஆயிடுமே!"

"போகல, அம்மா."

"அரிசி குடுக்கிற வேலடா! உங்கம்மா என்னைய மண்ண வாரித் தூத்துவாளே!"

"அன்னைக்கு நீங்க என்னைப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பலையே," என்றான். உள்ளே போய் இஸ்திரிப் பெட்டியில் கரி அள்ளிப் போட்டான்.

அம்மா மறுநாளே பள்ளிக்குப் போய், இந்தப் பையனுக்கு இன்னும் வேலை வரவில்லை, மண்டையில் ஒன்றும் ஏறவில்லை, இன்னொரு மூன்று மாதம் வேண்டும் என்று ஒப்பாரி வைத்து அனுமதி வாங்கி வந்தார். பங்களாப் பெரியவருக்கு அதைக் கேட்டுக் கோபம். மக்குப் பையனையா தேர்ந்தெடுத்தேன் என்று வேலையை வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார். தேவனின் அம்மா ஒரு வாரம் எங்கள் கடை வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் அம்மா தினமும் தன் பங்குக் கிழங்கில் பாதியைச் செட்டிக் கம்பத்துக்குக் கொடுத்தனுப்பினார்.

தெரிந்த வேலையையே தெரியாதவன் மாதிரி தேவன் தினமும் என்னிடம் கற்றுக்கொண்டான். சிப்பாய் எட்டிப் பார்க்கும் நாளில் நான் அவனைத் திட்ட வேண்டும், அவன் தலையைச் சொறிய வேண்டும். அவனைத் திட்ட எனக்கு வாய் வராது. "நல்லாத் திட்டுங்க, அபாங்," என்று அவனே கிசுகிசுப்பான்.

அப்படி ஒரு நாள் நான் அவனைத் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டு அம்மாள் ஓடி வந்து கூப்பிட்டார். இஸ்திரிப் பெட்டியைத் தேவன் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் மகள் பிறந்தாள். துணியில் சுற்றிக் கொண்டுவந்து, அப்பாக்காரன் எங்கே என்று கேட்டார்கள். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.